வராத பஸ்

ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் என்று ஒரு நகரம். அங்கே பென்ராத் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லம். அதன் வாசலில் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. ஊரில் மற்ற ஸ்டாப்களில் உள்ள அதே மாதிரிப் பலகை, உட்கார பெஞ்ச், எல்லாம் உண்டு. பஸ் மட்டும் வராது. 

அப்புறம் எதற்கு ஸ்டாப்?

அந்த இல்லத்தில் இருப்பவர்களில் பலருக்கு டிமென்ஷியா. நம் பக்கத்தில் மறதி நோய் என்பார்கள், அல்லது 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சாயங்காலம் ஆனால் அவர்களில் யாராவது ஒருவர் பரபரப்பாகக் கிளம்புவார். 'வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்துடும்' என்பார். அந்தப் பிள்ளைகளுக்கே அறுபது வயது ஆகியிருக்கும். கண் அசரும் நேரம் பார்த்து வெளியே போய்விடுவார். பிறகு போலீஸுக்குத் தகவல், தேடல், அலைச்சல். தொலைந்துபோகிறவர்கள் பெரும்பாலும் பழக்கதோஷத்தில் பஸ்ஸையோ டிராமையோ தேடித்தான் போகிறார்கள் என்பதைக் கவனித்த யாரோ ஒரு புத்திசாலி, வாசலிலேயே ஒரு ஸ்டாப் வைத்துவிடலாமே என்றார். வைத்தார்கள். 2008 வாக்கில் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி இது.

இப்போது கிளம்புகிறவர் ஸ்டாப்பில் உட்காருகிறார். பெஞ்ச், பலகை, எதிரே ரோடு. மனசு கொஞ்சம் சாந்தமாகிறது. சற்று நேரம் கழித்து ஓர் ஊழியர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். 'பஸ் இன்னிக்கு லேட்டாம். அதுவரைக்கும் உள்ளே வந்து ஒரு காபி சாப்பிடுங்களேன்.' அவரும் எழுந்து வந்துவிடுகிறார். காபி முடிவதற்குள் எங்கே கிளம்பினோம் என்பதே மறந்துவிடுகிறது.

எத்தனை அழகான யோசனை என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அடுத்த நிமிஷம் ஒரு நெருடல். ஒரு பெரிய மனுஷரை, வாழ்நாளெல்லாம் உழைத்துக் குடும்பம் நடத்தினவரை, வராத பஸ்ஸுக்காக உட்கார வைத்து ஏமாற்றுகிறோமே, இது சரியா?

ஜெர்மனியை விடுங்கள். ஒரகடத்துக்கு வாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், வடகால் என்று நீளும் இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்து பூமி. ஏரிகள் மாவட்டம் என்று பெயர் எடுத்தது. ஏரி நிரம்பினால் மடை திறப்பார்கள், கழனி நனையும், நெல் விளையும். 1996-ல் ஹூண்டாய் வந்தது. 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது, 2014-ல் நிறுத்திவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கூட்டுத் தொழிற்சாலை, 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. கழனிகள் ஏக்கர் ஏக்கராக சிப்காட்டுக்குப் போயின. சில பேருக்குக் கையில் பணம் வந்தது, சில பேருக்குக் கோர்ட் வாய்தா வந்தது. இன்றைக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகும். பஸ்ஸுக்குக் குறைச்சலே இல்லாத ஊர்.

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வயது. மறதி நோய். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

'ஏம்மா, நான் கழனிக்குப் போயிட்டு வரேன். கரண்ட் வந்திருக்கும், மோட்டார் போடணும்.'

மருமகள் என்ன சொல்வாள்? பெரும்பாலான வீடுகளில் வரும் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'ஐயோ மாமா, எத்தனை தடவை சொல்றது? கழனி எங்க இருக்கு? அதைத்தான் சிப்காட் எடுத்துக்கிச்சே. அங்க இப்போ கம்பெனி இருக்கு.'

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. பெரியவர் முகம் இருண்டுபோகிறது. கழனி போய்விட்டதா? யார் கொடுத்தது? யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? கத்துகிறார், அழுகிறார். ஒரு மணி நேரத்தில் அந்தச் செய்தி மறந்துபோகிறது. வயிற்றில் ஏற்பட்ட கலக்கம் மட்டும், ஏன் என்று தெரியாமலே, ராத்திரி வரை இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மறுபடி வேட்டியை மடித்துக் கட்டுகிறார். மறுபடி அதே உண்மை. நமக்கு ஒரு தடவை நடந்த இழப்பு அவருக்குத் தினசரி நடக்கிறது. இறந்துபோன மனைவியைத் தேடுகிறவராக இருந்தால் யோசித்துப் பாருங்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மா அவருக்குப் புதிதாகச் செத்துப்போவாள்.

இதன் மெக்கானிஸம் கொஞ்சம் புரிந்துகொண்டால் நல்லது. அல்ஸைமர் வகை மறதியில் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே பழுதாகிறது. புதிய நினைவுகளைப் பதிவு செய்கிற இடம் அது. அதனால் நேற்று நடந்தது, இன்று காலையில் சொன்னது எதுவும் தங்குவதில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கழனி, மடை, மாடு, மோட்டார் ரூம் எல்லாம் இன்னும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். உணர்ச்சிகளும் அப்படியே. என்ன சொன்னார்கள் என்பது போய்விடும். அதட்டினார்கள் என்பது தங்கிவிடும்.

1901 நவம்பரில் ஃப்ராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் விசாரித்தார். உங்கள் பெயர்? அகுஸ்தே. குடும்பப் பெயர்? அகுஸ்தே. கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் அகுஸ்தே. நான் என்னையே தொலைத்துவிட்டேன் என்றும் அந்த அம்மாள் சொன்னாராம். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதே வருஷம் அல்ஸைமர் ஒரு கூட்டத்தில் பேசினார். அதிலிருந்துதான் வியாதிக்கு அவர் பெயர் வந்தது. வியாதிக்கு நோயாளி பெயரை வைத்திருக்கலாம். அது நம் பழக்கம் இல்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா, மொத்தம் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிட கிராமத்தில் அதிகம். ஆக, இது ஏதோ பங்களா வீட்டு வியாதி இல்லை.

சரி, பொய் சொல்லலாமா?

கூடவே கூடாது என்று சொன்ன ஒருவர் உண்டு. இம்மானுவேல் கான்ட். கொலைகாரன் ஒருவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று 1797-ல் ஒரு கட்டுரை எழுதினார். எதிராளியை ஒரு மனிதனாக மதிக்கிறாய் என்றால் உண்மையைச் சொல்லு, பொய் சொன்னால் அவனை ஒரு கருவியாக்கிவிட்டாய் என்பது அவருடைய கட்சி.

அடுத்த சில வருஷங்களில் கான்ட்டுக்கே மறதி வந்தது. சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதிவைத்துக்கொள்ள ஆரம்பித்தார். 40 வருஷம் வேலை பார்த்த லாம்பே என்ற வேலைக்காரரை அனுப்பிவிட்ட பிறகு, 'லாம்பேயின் பெயரை இனி மறந்துவிட வேண்டும்' என்று ஞாபகக் குறிப்பு எழுதிவைத்தார் பாவம். கடைசிக் காலத்தில் வாஸியான்ஸ்கி என்ற பாதிரியார் கூட இருந்து பார்த்துக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் கான்ட்டுக்கு உடனே காபி வேண்டும். ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டார். 'இதோ வந்துவிடும்' என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்களாம். அந்த 'விடும்'தானே பிரச்னை என்று அவர் கோபித்துக்கொள்வாராம். டுசெல்டார்ஃபில் பஸ் லேட் என்று சொல்லிக் காபி கொடுக்கிறவர்களுக்கும் இவர்களுக்கும் ரொம்ப தூரம் இல்லை.

வள்ளுவர் இதில் கான்ட்டைவிட நிதானமானவர். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளிலேயே, குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிற பொருளில் சொல்லிவிடுகிறார். 'அப்ப பொய் சொல்லலாம்' என்று நாம் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். 'குற்றமில்லாத' என்ற கண்டிஷனைக் கவனிப்பதில்லை. யாருக்கு நன்மை? யார் பார்வையில் குற்றம் இல்லை?

இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்று ஒருவர் இருந்தார். டிமென்ஷியா உள்ளவர்களை நோயின் பெயரால் பார்க்காதே, ஆளாகப் பார் என்று கத்திக்கொண்டே இருந்தவர். நல்ல மனது உள்ளவர்கள்கூட அறியாமல் இந்த முதியவர்களுக்கு எப்படியெல்லாம் தீங்கு செய்கிறார்கள் என்று 1997-ல் வெளிவந்த புத்தகத்தில் 17 வகைகளைப் பட்டியல் போட்டார். முதல் இடத்தில் ஏமாற்றுவது. ஆஹா, பொய் சொல்லக்கூடாது என்கிறார் என்று நினைத்தால், அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: அவர் உணர்கிற உலகத்தை, 'அப்படி ஒன்றும் இல்லை' என்று மறுப்பது. குழந்தை மாதிரி நடத்துவது, அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பேசுவது, அவர் எதிரிலேயே அவர் இல்லாத மாதிரி பேசுவது எல்லாம்கூட உண்டு. கடைசியாகச் சொன்னது நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. 'நேத்து ராத்திரி என்ன பண்ணிச்சு தெரியுமா?' என்று விருந்தாளியிடம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அஃறிணையில்.

ஆக, 'கழனிக்கு நாளைக்குப் போகலாம் மாமா, இன்னிக்கு கரண்ட் கட்' என்பதும் தப்பு. 'கழனியே இல்லை' என்பதும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும்.

'கழனிக்கா மாமா? இந்த போகம் என்ன போட்டிருக்கு?'

'பொன்னிதான். வேற என்ன?'

'தண்ணி பத்துதா?'

'ஏரி ரொம்பிடுச்சின்னா என்ன கவலை. அந்த மேட்டுப் பக்கம்தான் மடை சரியில்ல...'

இப்படி ஒரு பத்து நிமிஷம். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உண்மையைக் கொண்டுவந்து அவர் தலையில் போடவும் இல்லை. 'கழனிக்குப் போகணும்' என்று அவர் சொல்வதில், கழனியைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கலாம். எனக்கு ஒரு வேலை இருந்தது, நான் போகாவிட்டால் பயிர் காயும், நான் வேண்டப்பட்டவன். அதைத்தான் அவர் தேடிக் கிளம்புகிறார். வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போகணும்' என்று அழும் பாட்டியும் அப்படித்தான். செங்கல் வீடு எதையும் அவள் கேட்கவில்லை.

பேசிக்கொண்டே கையில் கொஞ்சம் வேர்க்கடலையைக் கொடுத்து உரிக்கச் சொல்லலாம். வாசல் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். இதெல்லாம் பெரிய சைக்காலஜி இல்லை. நம் பாட்டிகள் செய்ததுதான்.

ஆனால் பத்து நிமிஷம் யாரிடம் இருக்கிறது? நியாயம் பேசுகிற நமக்கு இந்தக் கேள்வி உறைக்க வேண்டும். மருமகள் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறாள். மகன் சி ஷிஃப்ட், ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிறான். இந்த வியாதிக்கென்று இருக்கிற தனியார் இல்லங்களில் சேர்க்கலாம் என்றால், மாதக் கட்டணம் பயிற்சித் தொழிலாளியின் சம்பளத்தைத் தாண்டும். ஆகவே இந்தப் பக்கத்தில் நடைமுறையில் உள்ள சிகிச்சையின் பெயர் பூட்டு. வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போவது. பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் நாம் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. கான்ட்டுக்கு ஆட்சேபணை இருக்காது. எனக்கென்னவோ இது இரண்டையும்விட மோசமாகப் படுகிறது. வராத பஸ் ஸ்டாப்பாவது ஒரு கதவைத் திறந்து வைக்கிறது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பைத் திறந்தார்கள். சிப்காட் கட்டியது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. அந்தப் பெண்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊரில் விட்டுவிட்டு வந்த பாட்டி, தாத்தாக்களை எண்ணிப் பாருங்கள். வேலை செய்யும் வயதுக்கு 18,720 கட்டில் போடத் தெரிந்த நமக்கு, வேலை முடிந்த வயதுக்கு? 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்களுக்காக, அரசு ஏற்படுத்தலாம் என்கிறது. 'வேண்டும்' இல்லை, 'லாம்'. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் 200 படுக்கைகள். அதுவும் நல்ல காரியம்தான்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் பழைய ஆட்களுக்கு ராமாநுஜர். 1017-ல் அங்கே பிறந்தார் என்பது மரபு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து மந்திரம் வாங்கிக்கொண்டு, கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். குருவிடம் செய்த சத்தியத்தை மீறினால் நரகம் என்றார்கள். இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றாராம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அவர் சத்தியத்தை மீறியது தப்பே இல்லை என்று வாதாடவில்லை என்பதுதான். தப்புதான், அதன் விலையை நான் கொடுக்கிறேன் என்கிறார்.

மறதிக்காரரிடம் சொல்லும் பொய்யை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். விலையை யார் கொடுக்கிறார்கள்? மருமகள் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, மனசு உறுத்த, 'நாளைக்குப் போகலாம் மாமா' என்று சொன்னால் விலை அவளுடையது. நிம்மதி பெரியவருடையது. வேறு ஒரு பொய் இருக்கிறது. அதில் கணக்கு தலைகீழ்.

'தாத்தா, பென்ஷன் பேப்பர். இங்க ஒரு கைநாட்டு வைங்க.'

ஒரகடத்தைச் சுற்றி நிலம் விற்கும் விலைக்கு இந்த ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பெரியவர் சந்தோஷமாகவே கைநாட்டு வைத்திருப்பார். அழுகை இல்லை, கத்தல் இல்லை. கருணைப் பொய்யும் களவுப் பொய்யும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி, அதே குரல், அதே புன்சிரிப்பு. கருணைப் பொய்யில் தினமும் பழகின வாய்க்கு மற்றது சுலபம். அதனால்தான் 'அவங்க நல்லதுக்குத்தான்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுகிறேன்.

சட்டம் இதில் தெளிவு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, தான் செய்வது என்ன, அதன் லாப நஷ்டம் என்ன என்று புரிந்துகொள்ள முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. பல பேருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: அப்பா நன்றாக இருந்தபோது எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி, அவர் புத்தி தடுமாறிய பிறகு தானாகவே முடிந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு பத்திரம் போடுகிறவர்கள் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்துசெய்ய 2007 சட்டத்தில் 23-ம் பிரிவு இருக்கிறது. ஆனால் மனு கொடுக்க வேண்டியவருக்கு, தான் எழுதிக்கொடுத்ததே ஞாபகம் இருக்காது. வேறு யாராவது ஒருவர் அவருக்காகக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். இந்த வியாதியில் மேகம் விலகினாற்போல் சில நிமிஷங்கள் வரும். பெரியவர் ஒரு நாள் காலையில் வாசலில் உட்கார்ந்து, தூரத்துக் கம்பெனி ஷெட்டைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பார். 'கழனி போயிடுச்சு இல்ல?'

அப்போது 'நாளைக்குப் போகலாம் மாமா' என்றால் அது அயோக்கியத்தனம். கேள்வி கேட்க முடிகிற ஆளாக அவர் திரும்பி வந்திருக்கிறார். 'ஆமா மாமா, போயிடுச்சு' என்று சொல்லிவிட்டு, கூட உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்று எந்தப் பெரியவர் கேட்கிறார், கழனிக்குக் கிளம்பியவரா, கழனி போனது தெரிந்தவரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை, எந்த அசெம்ப்ளி லைனிலும் இல்லாத கஷ்டமான வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, வார லீவும் இல்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த எவரும், புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னால் மனநோய் வந்தால் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ளக்கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதிவைக்கலாம். நினைவும் திசையறிவும் கெடுவது அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே வருகிறது. சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடை செய்கிறது. கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறோம், காருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். இதை எழுதிவைத்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சட்டப் பேப்பர்கூட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோ அம்மாவோ நல்ல மூடில் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். 'பின்னாடி உனக்கு ஞாபகம் தப்பிப்போய், செத்துப்போனவங்களைத் தேடினா நான் என்னம்மா சொல்லட்டும்?' முதலில் 'சீ, என்ன பேச்சு இது' என்று திட்டு விழும். பொறுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். பெரும்பாலும் பதில் வரும். சில பேர் 'எதையாவது சொல்லி சமாளி' என்பார்கள். சில பேர், 'என்கிட்ட மட்டும் மறைக்காதே, அழுதாலும் பரவாயில்ல' என்பார்கள். இரண்டில் எது வரும் என்று முன்கூட்டியே ஊகித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள்.